துக்கம் விசாரிக்கப்படாத மரணம்

மனிதர் ஒருவர் இறந்துவிட்டால் சுற்றியிருப்போர் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழ்ச் சமூகம் மிகத் தெளிவாக வகுத்து வைத்திருக்கிறது. செய்தி சொல்லி அனுப்புவதில் தொடங்கி, அண்டை வீட்டிலிருந்து வரும் சாப்பாடு, பால் தெளித்தல், பதினாறாம் நாள் காரியம், தலைத்திவசம் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளும் ஒரு முறையும் உண்டு. இவை இறந்தவருக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. இருப்பவரின் துயரத்துக்கு ஓர் உருவத்தையும் காலஎல்லையையும் கொடுத்து, 'உன் இழப்பை நாங்கள் அறிவோம்' என்று ஊர் சொல்லும் வழி இது.

வீட்டில் வளர்ந்த பூனை இறந்தால் இவற்றில் ஒன்றுகூட இல்லை. என் வீட்டில் 14 ஆண்டுகள் வாழ்ந்த பூனை சென்ற ஆண்டு சிறுநீரகம் செயலிழந்து இறந்தது. மறுநாள் வழக்கம்போல் அலுவலகம் சென்றேன். முகவாட்டத்தின் காரணத்தைக் கேட்டறிந்த நண்பர், "பூனைதானே சார், வேறொன்று வாங்கி வளர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் இரக்கமற்றவர் அல்லர். என் தந்தை மறைந்தபோது சுடுகாடு வரை உடன் வந்தவர். அன்று என்ன செய்ய வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பதை மரபு அவருக்குக் கற்றுத்தந்திருந்தது. பூனையின் மரணத்துக்கு அப்படி எதையும் கற்றுத்தரவில்லை.

இந்த நிலைக்கு உளவியலில் ஒரு பெயர் இருக்கிறது. அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989-இல் வெளியிட்ட நூலில் இதனை 'உரிமை மறுக்கப்பட்ட துயரம்' என்னும் பொருள்பட விளக்கினார். வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவோ, பொதுவில் வெளிப்படுத்தவோ, சமூகத்தின் ஆதரவைப் பெறவோ வழியில்லாத இழப்பே அது. கருச்சிதைவு, வெளியே சொல்ல முடியாத உறவின் முடிவு ஆகியவற்றோடு வளர்ப்புப் பிராணியின் மரணமும் இவ்வகையில் அடங்கும். இத்தகைய துயரத்தில் இருப்பவர் இரண்டு சுமைகளைத் தாங்குகிறார். ஒன்று இழப்பு, மற்றொன்று, அதற்காக வருந்துவதே தவறோ என்னும் வெட்கம்.

விலங்குகளின் மரணத்தைத் தமிழ் மரபு முற்றிலும் புறக்கணித்தது என்று கூற முடியாது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல்லில், ஆநிரைப் பூசலில் இறந்த வீரனோடு அவனது நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. 'கோவிவன்' என்ற அதன் பெயரும் கள்வனைக் கடித்த அதன் செயலும் கல்வெட்டில் பொறிக்கப்பட்டுள்ளன. விழுப்புரம் பகுதியிலுள்ள அரசலாபுரத்தில் சேவற்போரில் மாண்ட சேவலுக்கே நடுகல் உண்டு. ஆனால், இவை யாவும் ஆற்றிய செயலுக்கான சிறப்புகள். நாய் காத்தது, சேவல் போரிட்டது. பூனையின் கணக்கில் எழுத அப்படி ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு, அது குறுக்கே போனால் காரியம் கெடும் என்னும் நம்பிக்கையும், நாய் நன்றியுள்ளது, பூனை சுயநலமி என்னும் பேச்சும் நம்மிடையே நிலைத்திருக்கின்றன. ஆகவே, நாயை இழந்தவருக்குக் கிடைக்கும் சிறிதளவு பரிவும் பூனையை இழந்தவருக்குக் கிடைப்பதில்லை.

பிற இடங்களில் நிலை எப்போதும் இப்படி இருந்ததில்லை. மனிதருக்கும் பூனைக்கும் இடையிலான நெருக்கத்துக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று ஒரு கல்லறைதான். சைப்ரஸ் தீவில், சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட மனிதரின் அருகில் ஒரு பூனையும் முழு உடலாக அடக்கம் செய்யப்பட்டிருந்ததை 2004-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அத்தீவில் பூனைகள் இயல்பாக வாழ்ந்ததில்லை. யாரோ படகில் ஏற்றிக் கொண்டுவந்திருக்க வேண்டும். எகிப்தில் ஒரு வீட்டுப் பூனை இயற்கையாக இறந்தால் அவ்வீட்டார் அனைவரும் புருவத்தை மழித்துக்கொள்வர் என்று கி.மு. 5-ஆம் நூற்றாண்டு கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். வீதியில் எதிர்ப்படுவோர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் துக்கத்தை அறிந்துகொள்ள முடிந்த சமூகம் அது. ஜப்பானிய நாவலாசிரியர் நட்சுமே சோசெகி, தம்மைப் புகழ்பெறச் செய்த நாவலுக்குத் தூண்டுதலாக இருந்த பூனை 1908-இல் இறந்தபோது, அச்செய்தியை அஞ்சலட்டைகள் எழுதித் தம் மாணாக்கர்களுக்கு அறிவித்தார். புருவம் மழித்ததும் அஞ்சலட்டை எழுதியதும் செய்த வேலை ஒன்றுதான்: துயரத்தை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்தன.

ஒரு சிறு பிராணிக்காக இத்தனை வலி ஏன் என்று கேட்கலாம். பூனை யாரோடும் ஒட்டாது என்னும் எண்ணத்தை ஆய்வுகள் ஏற்கனவே தளர்த்திவிட்டன. கைக்குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அளக்கும் முறையைத் தழுவி அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 65 விழுக்காடு பூனைகள் தம்மை வளர்ப்பவரிடம் பாதுகாப்பான பிணைப்பைக் காட்டின. அதே ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, வீட்டுப் பூனைகள் தம் பெயரைப் பிற சொற்களிலிருந்து பிரித்தறிகின்றன என்று காட்டியது. அழைத்தும் வராத பூனைக்குக் காது கேட்காமல் இல்லை என்பதை வளர்ப்போர் முன்பே அறிவர்.

ஆயினும், பூனை நம்மை எவ்வளவு நேசித்தது என்பதைக்கொண்டு மட்டும் துயரத்தை அளக்க இயலாது. அதிகாலையில் காலை உரசி எழுப்புவதும், மீன் அரியும்போது அடுக்களை வாசலில் காத்திருப்பதும், படிக்கும் செய்தித்தாளின் மீதே வந்து படுப்பதுமாக, ஒரு நாளில் 20 முறையாவது அது நம் கவனத்தைக் கோருகிறது. பல்லாண்டுகளில் இது உடலில் படிந்த பழக்கமாகிவிடுகிறது. பூனை இறந்த பின்பும் பழக்கம் இறப்பதில்லை. கதவைத் திறக்கும்போது அது வெளியே ஓடிவிடாமலிருக்கக் கால் தானாக முன்னே நீளும். இருட்டில் அதை மிதித்துவிடக் கூடாதென்று நடை தானாகத் தயங்கும். தொலைவில் வாழும் உறவினரின் மரணம் அறிவுக்கு எட்டும் இழப்பு; இதுவோ ஒரு நாளில் 20 முறை கைக்கும் காலுக்கும் எட்டும் இழப்பு. தனித்து வாழும் முதியவருக்கு அந்த நாளில் வேறு தொடுகையே இல்லாமலும் போகலாம்.

இத்துயரோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது. பூனை, எலியை வேட்டையாடும் விலங்கு. தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையும் ஆவது. ஆதலால், நோயையும் வலியையும் மறைப்பது அதன் இயல்பு. முதிய பூனைகளிடம் பரவலாகக் காணப்படும் நாள்பட்ட சிறுநீரக நோயில், அதிகமாகத் தண்ணீர் குடிப்பதும் உடல் மெலிவதும் நம் கண்ணில் படும்போது சிறுநீரகத்தின் செயல்திறனில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். 'முன்பே கவனித்திருக்கலாமே' என்று பின்னர் வருந்துவோர், கவனிக்க முடியாதபடி அது மறைக்கப்பட்டிருந்தது என்பதை அறிய வேண்டும். மீளா வேதனையில் இருக்கும் பிராணிக்கு ஊசி மூலம் அமைதியான முடிவைத் தரச் சம்மதித்தவரின் பாரம் இன்னும் பெரிது. மனித உறவில் இம்முடிவை எடுக்கும் நிலை நமக்கு வருவதில்லை. தம் பிரிவுத்துயரைத் தள்ளிப்போடுவதற்காக அதன் வேதனையை நீட்டிக்காமல் இருந்ததும் அன்பின் ஒரு செயலே.

குழந்தைகள் உள்ள வீடுகளில் இன்னும் கவனம் தேவை. பல குழந்தைகள் மரணத்தை முதன்முதலில் சந்திப்பது வளர்ப்புப் பிராணி வழியாகத்தான். 'எங்கோ ஓடிவிட்டது' என்று பொய் சொன்னால் குழந்தை தெருவில் அதைத் தேடும். தன்னைப் பிடிக்காமல் போய்விட்டதாகவும் எண்ணும். 'தூங்குகிறது' என்றால் தூக்கத்துக்கே அஞ்சும். 'இறந்துவிட்டது, இனி வராது, அதற்கு இப்போது வலி இல்லை' என்று எளிய சொற்களில் உண்மையைச் சொல்வதே நல்லது. அடக்கம் செய்கையில் ஒரு பிடி மண்ணோ ஒரு பூவோ போடுமாறு அழைத்தால், துக்கத்தை எப்படிச் சுமப்பது என்பதையும் அது கற்றுக்கொள்ளும்.

பெரியவர்களுக்கும் குறித்த கெடு எதுவும் இல்லை. துயரம் ஐந்து கட்டங்களாக நகர்ந்து முடியும் என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கருத்து, எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. அது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றியது; துக்கம் காப்போருக்கான கால அட்டவணை அன்று. சிலர் ஒரு மாதத்தில் வேறொரு குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவர். சிலர் ஆண்டுக்கணக்கில் தட்டைக்கூட அப்புறப்படுத்தார். இரண்டும் இயல்பே.

சமூகம் செய்யக்கூடியவை சில உண்டு. அடுக்குமாடிகளில் வாழ்வோருக்கு ஒரு சிறு உடலைப் புதைக்கவும் சொந்த மண் கிடையாது. இறந்த பிராணியைக் குப்பையோடு சேர்க்காமல் எரிக்கவோ புதைக்கவோ மதிப்பான ஓர் இடத்தை ஒவ்வொரு மாநகராட்சியும் ஒதுக்க வேண்டும். பொதுச் சுகாதாரத்துக்கும் அது நல்லது. அலுவலகங்கள் ஒரு நாள் விடுப்பைக் காரணம் துருவாமல் அளிக்கலாம்.

ஆனால், இவை எல்லாவற்றுக்கும் முன்பாக நம் ஒவ்வொருவராலும் இன்றே செய்யக்கூடியது துக்கம் விசாரிப்பது. அதற்குப் பெரிய சொற்கள் வேண்டாம். 'வேறொன்று வளருங்கள்' என்பதற்கு மாறாக, அதன் பெயர் என்ன, எத்தனை ஆண்டுகள் உங்களோடு இருந்தது என்று கேட்டாலே போதும். கேட்கப்பட்டவர் நிச்சயம் பேசுவார். பேசி முடிக்கும்வரை உடன் இருப்பதுதான் அந்த வீட்டுக்கு நாம் செய்யக்கூடிய காரியம்.