சிறுநீர் கட்டுப்படாதோர்க்கு உறிஞ்சாடை

திருமண அழைப்பு வந்தாலும் செல்லாது, கோவில் திருவிழாவையும் நெடுந்தூரப் பயணத்தையும் தவிர்த்து, வீட்டிலேயே அடங்கியிருக்கும் முதியோர் உளர். கேட்டால் முழங்கால் வலி என்பர், களைப்பு என்பர். அவருட் சிலர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் வேறு. இருமினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிகின்றது. அல்லது மலசலகூடத்தை அடையுமுன்னரே வெளியேறிவிடுகின்றது. இது நாணத்தக்க குற்றமன்று; உடற்குறை.

பிள்ளைப்பேற்றால் இடுப்புத் தசைகள் தளர்தல், ஆண்களுக்குப் புரொஸ்டேற் சுரப்பி பெருத்தல், நீரிழிவு, பாரிசவாதம், சிறுநீர்த் தொற்று என இதற்குக் காரணங்கள் பல. அவற்றுட் பலவற்றுக்குப் பரிகாரமுண்டு. இடுப்புத் தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சியை அமெரிக்க வைத்தியர் ஆர்னோல்ட் கேகல் 1948ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அது இன்றும் பயன் தருகின்றது. ஆதலால் வைத்தியரிடம் கூறுவதே முதற்கடன். பரிகாரம் பலிக்கும் வரையிலும், பலியாதவிடத்து அதன் பின்னரும், துணைநிற்பது ‘டயப்பர்’ எனப்படும் உறிஞ்சாடை.

தற்கால உறிஞ்சாடையின் நடுவே மரக்கூழுடன் சோடியம் பொலியக்ரிலேற் என்னும் பொருள் கலந்திருக்கும். அது நீரைத் தன் எடையிலும் பன்மடங்காக ஈர்த்துக் கூழாக்கிவிடும். அழுத்தினாலும் எளிதில் வெளிவிடாது. அதனாலேயே முன்னர் பருமனான துணிமடிப்புச் செய்த வேலையை இன்று மெல்லிய ஆடை செய்கின்றது.

தெரிவு செய்கையில் மூன்றைக் கருதுதல் வேண்டும். முதலாவது வகை. சிறு கசிவுக்கு உள்ளாடையினுள் ஒட்டும் பட்டை போதும். நடமாடுவோர்க்குக் காற்சட்டைபோல் இழுத்து அணிவது ஏற்றது. படுக்கையில் இருப்போர்க்கு இருபுறமும் ஒட்டும் வகையே வசதி. இரண்டாவது அளவு. இடையையும் இடுப்பையும் அளந்து, இரண்டில் பெரியதைக் கொள்க. பெரிய ஆடை கூடுதலாக உறிஞ்சும் என்பது தவறான எண்ணம். தொடையருகே இடைவெளி விழுந்து அது ஒழுகும். மூன்றாவது கொள்ளளவு. பகலுக்கு மெல்லியதும் இரவுக்குக் கனத்ததும் வைத்திருத்தல் நன்று.

அணியும்போது தொடையோர மடிப்புகள் உட்சுருளாது நிமிர்ந்து நிற்கவேண்டும். மேலே இறுக்கமான பருத்தி உள்ளாடை அணிந்தால் சரசரப்பு ஒலி கேளாது, ஆடையும் நழுவாது. சேலை, சாரம், வேட்டி, தளர்ந்த காற்சட்டை ஆகியவற்றின் கீழ் அது புலப்படாது. பயணஞ் செல்வோர் மாற்றாடை ஒன்றையும் ஒளிபுகாத பை ஒன்றையும் உடன்கொள்ளுதல் வேண்டும். பாவித்ததைச் சுருட்டிப் பையிலிட்டுக் குப்பையிற் சேர்க்கவேண்டும், மலசலகூடத்துள் இடலாகாது.

வெப்பமும் வியர்வையும் மிகுந்த நாட்டில் ஈர ஆடையை நெடுநேரம் அணிந்திருந்தால் தோல் புண்படும். மாற்றுந்தோறும் மென்மையாகக் கழுவி ஒற்றி உலர்த்துக. பெண்கள் முன்னிருந்து பின்னாகத் துடைத்தல் தொற்றைத் தவிர்க்கும்.

கசிவுக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்போர் தமக்கே தீங்கு செய்கின்றனர். செறிந்த சிறுநீர் சிறுநீர்ப்பையை உறுத்தும். மலச்சிக்கலும் சேர்ந்து கசிவை மிகுவிக்கும். வைத்தியர் தடுத்தாலன்றி அளவாகத் தண்ணீர் பருகுதலே தக்கது. தேநீரையும் கோப்பியையும் குறைத்துப் பார்க்கலாம். சிறுநீரில் இரத்தமோ எரிவோ தோன்றின், அல்லது கசிவு திடீரெனத் தொடங்கின், தாமதியாது வைத்தியரை நாடுக.

கண்ணொளி குன்றியவர் கண்ணாடி அணிவதை எவரும் இகழ்வதில்லை. உறிஞ்சாடையும் அத்தகையதே. வீட்டார் அதனைப் பரிகாசஞ் செய்யாது பக்குவமாக வாங்கிக் கொடுப்பாராயின், முதியோர் மீண்டும் ஊராரோடு கூடி வாழ வழி பிறக்கும்.