கெட்டி மேளத்துக்கு முன் நின்ற காமிரா

பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில், பாரிவாக்கத்தில் ஒரு கல்யாணம். சென்ற வைகாசியில் போயிருந்தோம். விடிந்தும் விடியாத நேரம். மணமேடைக்கு எதிரே போட்டோக்காரர் தம் காமிராவை முக்காலியில் பொருத்திக்கொண்டிருந்தார்.

“போட்டோவுக்கு முக்காலி எதற்கு?” என்றோம்.

“இதிலேதான் சார் வீடியோவும்!” என்று சிரித்தார்.

போட்டோக் காமிரா இப்படிச் சினிமா எடுக்கப் புறப்பட்டது 2008-ல். அவ்வாண்டு ஆகஸ்டில் நிக்கான் டி90 அறிவிக்கப்பட்டது. மறு மாதமே கேனன் 5டி மார்க் 2. பத்திரிகைப் படக்காரர்கள் போட்டோவோடு கொஞ்சம் அசையும் படமும் எடுத்துக்கொள்ளட்டும் என்று சேர்த்த வசதி அது. சினிமாக்காரர்கள் சும்மா விடுவார்களா? 5டி-க்குள் ஒளியை வாங்கும் தகடு 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். பழைய போட்டோ பிலிமின் ஒரு கட்டத்துக்குச் சமம். அன்றைய சாதாரண வீடியோ காமிராவில் அது சுண்டுவிரல் நகத்துக்கும் சிறியது. தகடு பெரிதானால் மங்கிய வெளிச்சத்திலும் படம் துலங்கும். முகம் பளிச்சென்று நிற்க, பின்னணி பனியாய்க் கரையும். பெரிய சினிமா காமிராக்களுக்கே உரியதாயிருந்த அழகு இது. பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ படத்தை விஜய் மில்டன் ஸ்டில் காமிராவால்தான் எடுத்தார். 2012-ல் வெளிவந்த அந்தப் படம், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது.

ஆனால் சினிமாவில் ஒரு ‘ஷாட்’ சில நிமிஷங்களில் முடிந்துவிடும். சரியில்லையென்றால் இன்னொரு தடவை எடுக்கலாம். கல்யாணத்தில் அது நடக்குமா?

இந்தக் காமிராக்களில் பல, 29 நிமிஷம் 59 விநாடி ஓடியதும் தாமாக நின்றுவிடும். காரணம் வேடிக்கையானது. அரை மணியோ அதற்கு மேலோ தொடர்ந்து படம் பிடித்தால் அது வீடியோ காமிரா என்பது அன்றைய ஐரோப்பியச் சுங்க விதி. வீடியோ காமிராவுக்கு அப்போது வரி இருந்தது; போட்டோக் காமிராவுக்கு இல்லை. ஒரு விநாடியைக் குறைத்துக் கம்பெனிகள் வரியிலிருந்து தப்பித்துக்கொண்டன! 5டி மார்க் 2-ல் இன்னும் மோசம். ஒரு கோப்பு 4 ஜிபி ஆனதும், சுமார் 12 நிமிஷத்திலேயே நின்றுவிடும்.

அடுத்தது உஷ்ணம். 2020-ல் வந்த கேனன் ஆர்5, தன் மிக நுட்பமான 8கே படத்தை 23 டிகிரி உஷ்ணத்தில் சுமார் 20 நிமிஷம்தான் எடுக்கும் என்று கம்பெனியே அறிவித்தது. வைகாசியில், ஹோமப் புகைக்கும் விளக்குச் சூட்டுக்கும் நடுவே, நம் பக்கத்து மண்டபங்களில் 23 டிகிரியை யார் கண்டார்கள்?

புதிய மாடல்கள் பலவற்றில் அரை மணித் தடை இல்லை. ஆனால் வருஷத்துக்கொரு காமிரா வாங்க நம் போட்டோக்காரர்கள் சீமான்களா என்ன?

நமது நண்பர் பட்டவர். சில வருஷங்களுக்கு முன், வேறோர் ஊர்க் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முன்பே காமிராவை ஓட விட்டிருக்கிறார். ‘கெட்டி மேளம்!’ என்ற குரல் எழவும் அரை மணி நிறையவும் சரியாயிருந்தது. மேளச் சத்தத்தில், கூட்டம் எழுந்து அட்சதை போடும் அமளியில், சிவப்புப் புள்ளி அணைந்ததை அவர் கவனிக்கவில்லை. தாலி கட்டியது பதிவாகவில்லை. நோயாளியான பெண்ணின் தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்து அட்சதை போட்டதும் பதிவாகவில்லை. அந்தப் பெரியவர் ஆடி மாதம் காலமானார்.

“பாக்கிப் பணத்தை நான் கேட்கவேயில்லை, சார். அவர்களும் திட்டவில்லை. அந்த வீட்டம்மா மட்டும், ‘அப்பா எழுந்து நின்றது துளிகூட இல்லையா தம்பி?’ என்று இரண்டு முறை கேட்டார்கள்.”

இப்போது அவர் இரண்டு காமிரா வைத்திருக்கிறார். இரண்டாவதைப் பத்து நிமிஷம் தாமதித்துத்தான் முடுக்குவாராம். முதல் காமிராவை எப்போது நிறுத்தி மறுபடி ஓட்டுவது என்பதற்கும் ஒரு வேளை வைத்திருக்கிறார்.

அதை அன்று நேரிலேயே கண்டோம். மாங்கல்யத் தட்டு ஆசிக்காகச் சபைக்குள் வந்தது. வரிசை வரிசையாக நகர்ந்து எங்கள் முன்னால் நின்றது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தோம். போட்டோக்காரர் பொத்தானை அழுத்தி நிறுத்தினார், மறுபடி அழுத்தினார். சிவப்புப் புள்ளி எரிந்தது. தட்டு அடுத்த வரிசைக்குப் போயிற்று.