புதுச்சேரிக்குப் போறீங்களா? வெயிலோடு வம்பு வேண்டாம்!

பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சு. "பாண்டிச்சேரி போலாம்ப்பா!" என்று பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்திருப்பார்கள். தாராளமாகப் போய் வாருங்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 கிலோமீட்டர் சொச்சம்தான். கடல், கோயில், பிரெஞ்சுக்காரன் கட்டிய வீதிகள், வாய்க்கு ருசியான சாப்பாடு, படகு சவாரி... ரெண்டு நாளைக்கு அலுக்காத ஊர்.

'ஊர் சுத்திப் பாக்கிறதுக்கும் சித்த மருத்துவனுக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்கிறீர்களா? இருக்கிறது. ஒவ்வொரு கோடை விடுமுறை முடிந்ததும் என் மருத்துவமனைத் திண்ணையில் வந்து உட்காருகிறவர்களில் பாதிப்பேர், கடற்கரை ஊருக்குப் போய் நோயை வாங்கிக்கொண்டு வந்தவர்கள். விசாரித்துப் பார்த்தால் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்திருப்பார்கள். காலை 9 மணிவரை ஓட்டலில் தூக்கம். அப்புறம் டிபன். 11 மணிக்கு மண்டையைப் பிளக்கும் வெயிலில் கடற்கரை!

இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். விடியற்காலை 5.30 மணிக்கு எழுந்து கடற்கரைச் சாலைக்குப் போய்விடுங்கள். மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை அங்கே வண்டிகளை விடமாட்டார்கள். காந்தி சிலை, 1836-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம், போர் வீரர் நினைவுச் சின்னம் என்று பார்த்துக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பினால் அரை மணிக்கு மேல் நடை. புகையில்லாத காற்று. முழங்கால் வலிக்காரர்களும் நிதானமாக நடக்கலாம், சமதரைதான். நடை முடிந்து வாடகை சைக்கிள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட மாதிரி நேர் நேரான தெருக்கள். மேடு கிடையாது. பிள்ளைகளுக்கும் குஷி, பெரியவர்களுக்கும் வியர்வை.

காலை 10 முதல் மாலை 4 வரை நிழலை விட்டு வெளியே வராதீர்கள். 'அப்ப சுத்திப் பாக்கறது எப்போ?' என்று கோபிக்காதீர்கள். இந்த ஊரில் கூரைக்குக் கீழே பார்க்க வேண்டியது நிறைய. பாரதியார் 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் வாழ்ந்த ஊர் இது. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் இருந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்கள் இருக்கின்றன. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமாபுரியிலிருந்து கப்பலில் வந்த மதுச் சாடிகளின் ஓடுகள் அகப்பட்டன. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இங்கே வெளிநாட்டு வியாபாரம்! பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், பூட்டியிருக்கும். மணக்குள விநாயகரைக் காலையிலேயே தரிசித்துவிடுங்கள். பகலில் நடை சாத்திவிடுவார்கள்.

வெயிலைப் பற்றி ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்? என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். வயது 62. 14 வருஷமாகச் சர்க்கரை. பேரப் பிள்ளைகளோடு மத்தியானம் ஒரு மணிக்கு மணலில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். வீட்டம்மா, "கால் சுடலையாங்க?" என்று கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணும் சுடலையே!" என்றாராம் பெருமையாக. சுடாமல் என்ன? சர்க்கரையால் பாதத்தின் நரம்புகள் உணர்ச்சி இழந்திருந்தன. அவருக்கு அது தெரியவில்லை. சாயங்காலம் ரெண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். மஞ்சளும் எண்ணெயும் தானே குழைத்துப் போட்டுக்கொண்டு பத்து நாள் கழித்து என்னிடம் வந்தார். நான் ஒரு எண்ணெயும் தரவில்லை. அன்றைக்கே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் அனுப்பினேன். கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. சர்க்கரைக்காரருக்குச் சுட்ட புண் வந்தால் அது பாட்டி வைத்தியத்துக்கு உரியதல்ல. சித்த மருத்துவன் நானே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரையில் செருப்பைக் கழற்றாதீர்கள். ராத்திரி படுக்கப் போகுமுன் உள்ளங்காலை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இன்சுலின் மருந்தை வெயிலில் நிறுத்திய காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், வீரியம் கெட்டுவிடும்.

இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயிலில் தலை சுற்றல், மயக்கம் சீக்கிரம் வரும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் சீரகத் தண்ணீர், மோர் என்று அடிக்கடி குடிக்கட்டும். நுங்கு கிடைத்தால் விடாதீர்கள். இளநீரும் நல்லதுதான், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆகாது, டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மாலை 4 மணிக்குச் சுண்ணாம்பாறு படகுத்துறை. அங்கிருந்து படகில் ஆற்றின் முகத்துவார மணல்திட்டுக்குக் கூட்டிப்போவார்கள். உயிர்காப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டே ஏறுங்கள், 'வேர்க்குதுப்பா' என்று கழற்ற விடாதீர்கள். கடலில் முழங்கால் அளவுக்கு மேல் இறங்கவே கூடாது. ஊருக்குள் கடற்கரைச் சாலையை ஒட்டி இறங்கவே வேண்டாம், அங்கே பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். பாசி வழுக்கும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் ஓட்டத்தில் அகப்பட்டால் அதை எதிர்த்துக் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள், எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனும் களைத்துப் போவான். மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்கள். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்புங்கள். 'பாண்டி' என்றதும் சில ஆண்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். அவர்களுக்கு ஒரே வார்த்தை: குடித்துவிட்டுத் தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். மீன் சாப்பிடுகிறவர்கள் காலையிலோ மதியமோ சாப்பிடுங்கள். சங்கரா, நெத்திலி குழம்பெல்லாம் வயிற்றுக்கு இதம். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் எச்சரிக்கை. பிடித்த பிறகு ஐஸில் வைக்காமல் போட்டுவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சு சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் தடிக்கும். நம்மவர்கள் 'மீன் ஒத்துக்கல' என்பார்கள். ஒத்துக்கொள்ளாதது மீன் அல்ல, பழசு! மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிரெஞ்சுச் சாப்பாடு என்று பயந்து ஒதுங்க வேண்டாம். அவர்கள் 'வதூவான்' என்று பெருமையாகச் சொல்லும் மசாலா வேறொன்றுமில்லை, நம் வீட்டுத் தாளிப்பு வடகம்தான்! சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, வெயிலில் காயவைத்த உருண்டை. அதில் சேருகிற சரக்கு முக்கால்வாசி எங்கள் சித்த மருந்துப் பெட்டியில் இருப்பவை. பூண்டும் சீரகமும் வாயுவைக் கலைக்கும், வெந்தயம் சூட்டைத் தணிக்கும். மீன் குழம்பில் கடைசியாக ஒரு உருண்டையைத் தாளித்துப் பாருங்கள், தெருவே மணக்கும். வாங்குவதானால் பெரிய மார்க்கெட்டில் கேட்டுப் பாருங்கள். உருண்டையை உடைத்துப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தாலோ, பூஞ்சை வாடை அடித்தாலோ வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் நல்ல வெயிலில் போட்டு எடுத்து, ஈரமில்லாத ஜாடியில் வையுங்கள்.