தகட்டில் உறங்கிய ஓவியங்கள்!
தட்டி எழுப்பும் குட்டிச் சில்லு

அமெரிக்காவில் ஆண்டி வாரோல் என்று ஓர் ஓவியர் இருந்தார். சூப் டப்பாவை வரைந்தே உலகப் புகழ் பெற்றவர் அவர். 1985-ம் ஆண்டு ஜூலை மாதம் நியூயார்க் நகரில் ஒரு விழா நடந்தது. கமோடோர் என்ற கம்பெனி, "அமிகா" என்னும் தன் புதிய கம்ப்யூட்டரை அன்று உலகத்துக்குக் காட்டியது. வாரோல் மேடை ஏறினார். தூரிகை இல்லை, வர்ணக் கிண்ணம் இல்லை. டெபி ஹாரி என்ற பாடகியின் முகத்தைக் கம்ப்யூட்டரிலேயே வரைந்து காட்டினார். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகும் அவர் அந்த யந்திரத்தில் படம் போட்டார். போட்ட படங்களை "பிளாப்பி" என்ற காந்தத் தகடுகளில் பதித்து வைத்தார். 1987-ல் இறந்துபோனார். தகடுகள் பிட்ஸ்பர்க் நகரத்தில் அவர் பெயரால் அமைந்த காட்சிசாலையில் போய்ச் சேர்ந்தன. அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தகட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்றால் பயம். போட்ட மாத்திரத்தில் பாழாகிவிட்டால்?

2011-ல் கோரி ஆர்க்கேஞ்சல் என்ற கலைஞர் அந்தப் பழைய விழாவின் படக்காட்சியைப் பார்த்தார். "அந்த ஓவியங்கள் எங்கே?" என்று கேட்டார். கார்னகி மெலன் பல்கலைக் கழகத்தின் கம்ப்யூட்டர் சங்கத்தார் உதவிக்கு வந்தார்கள். 2014-ல் முடிவு வெளியாயிற்று. யாரும் அதுவரை பார்த்திராத 28 படங்கள் கிடைத்தன! குறைந்தது 11 படங்களில் வாரோலின் கையெழுத்தே இருந்தது. ஒரு படத்தில் வீனஸ் தேவதைக்கு மூன்று கண்கள்!

சாதாரண டிரைவ் ஏன் உதவாது?

பழைய தகட்டை இன்றைய கம்ப்யூட்டரில் போட்டால் போதாதா என்று வாசகர்கள் கேட்கலாம். போதாது. காரணத்தைக் கல்யாணப் பந்தியை வைத்துச் சொல்லலாம்.

பிளாப்பித் தகடு பார்வைக்கு மெல்லிய பிளாஸ்டிக் வட்டம்தான். அதன் மேல் இரும்புத் துரு போன்ற காந்தப் பொடி பூசியிருக்கும். ஒரு பக்கத்துக்கு 80 வளையங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 160. ஒவ்வொரு வளையத்தையும் ஒரு பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கம்ப்யூட்டர் இந்தப் பந்தியில் 9 இலைகள் போடும். இலைக்கும் இலைக்கும் நடுவே இடம் விடும். அமிகாவோ இடைவெளியே விடாமல் 11 இலைகளை நெருக்கிப் போடும். அதனால் 720 கிலோபைட் பிடிக்கும் அதே தகட்டில் அமிகா 880 கிலோபைட் அடைத்துவிடும். கெட்டிக்கார யந்திரம்தான்!

ஆனால் இன்றைய டிரைவுக்குள் இருக்கும் பரிமாறுகிறவருக்கு 9 இலைப் பந்தி மட்டுமே பழக்கம். 11 இலைப் பந்தியைக் கண்டால், "இங்கே இலையே இல்லை" என்று கையை விரித்துவிடுவார். விஷயம் தகட்டில் பத்திரமாக இருக்கும். படிக்கத்தான் ஆள் இருக்காது.

துடிப்பை எண்ணும் சில்லு

இங்கேதான் நம் கதாநாயகன் வருகிறான். பெயர் மைக்ரோகன்ட்ரோலர். மூளை, ஞாபகம், வெளியே இருக்கும் கம்பிகளோடு பேசும் கால்கள் எல்லாம் ஒரே சில்லுக்குள் அடக்கம். விரல் நகத்தைவிடப் பெரிதல்ல. துணி துவைக்கும் யந்திரத்துக்குள்ளும் இவன்தான் இருக்கிறான். குழந்தைகள் விளையாடும் பொம்மைக்குள்ளும் இவன்தான் இருக்கிறான்.

பொழுதுபோக்காக மின்சாரச் சாமான்கள் செய்கிறவர்கள் இந்தச் சில்லைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய தகடுகளைப் படிக்க "கிரீஸ்வீசல்" என்று ஒரு பலகை வந்தது. பெயர் வாய்க்குள் நுழையாது; வேலையோ சுத்தம். தொடக்கத்தில் இதற்கு உபயோகித்தது எஸ்டிஎம்32 எஃப்103 என்ற மலிவான சில்லு. அதன் கடிகாரம் விநாடிக்கு 7 கோடியே 20 லட்சம் தடவை துடிக்கும். 1982-ல் கமோடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் 595 டாலருக்கு வந்ததே, அதன் மூளை விநாடிக்குத் துடித்தது சுமார் 10 லட்சம் தடவைதான்!

இந்தச் சில்லு இலையை எண்ணுவதே இல்லை. அதன் தந்திரமே வேறு. தகடு நிமிஷத்துக்கு 300 தடவை சுற்றுகிறது. அப்போது காந்தத்தின் திசை அங்கங்கே வடக்கு தெற்காக மாறுகிறது. ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம்? அதை மட்டும் அளக்கிறது. அமிகா தகட்டில் அந்த இடைவெளி 4, 6 அல்லது 8 மைக்ரோ விநாடியாக இருக்கும். மைக்ரோ விநாடி என்றால் விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 4 மைக்ரோ விநாடிக்குள் நம் சில்லு 288 எண்ணி முடித்துவிடும். ஆகவே தகடு கொஞ்சம் தடுமாறிச் சுற்றினாலும் அது ஏமாறாது.

எண்ணிய எண்களை அப்படியே பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், இது அமிகாவா, அட்டாரியா, கமோடோரா என்ற ஆராய்ச்சியை அங்கே சாவகாசமாகச் செய்துகொள்ளலாம். இன்று அர்த்தம் புரியாவிட்டாலும் நஷ்டமில்லை. எண்கள் பத்திரமாக இருக்கின்றன. பத்து வருஷம் கழித்து யாராவது புரியவைப்பார்கள். இதுதான் இந்த முறையின் பெரிய லாபம் என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு வளையத்தையும் மூன்று சுற்றுப் படித்தாலும், சுற்றுவதற்கு மட்டும் 160 வளையத்துக்கு 96 விநாடி ஆகும். ஒரு காப்பி குடிக்கும் நேரம்!

செய்முறை ஊருக்கெல்லாம் சொந்தம்

வாரோலின் தகடுகளைப் படிக்க அந்த மாணவர்கள் கிரையோஃப்ளக்ஸ் என்ற பலகையை உபயோகித்தார்கள். அதுவும் இதே மாதிரி இடைவெளியை அளப்பதுதான். ஆனால் அதன் உள் ரகசியம் கம்பெனிக்குச் சொந்தம். கிரீஸ்வீசல் அப்படியல்ல. அதை இயக்கும் நிரலை எழுதியவர், "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், திருத்துங்கள், செய்து விற்கவும் செய்யுங்கள்" என்று பொதுவில் வைத்துவிட்டார். இதைத்தான் "திறந்த மூலம்" என்கிறார்கள். பாட்டியின் ஊறுகாய்ப் பக்குவத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகச் செய்யாமல், திண்ணையில் உட்கார்ந்து எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பதைப் போல.

கம்பெனிகள் மூடிப்போகும். கமோடோரே 1994-ல் திவாலாகிவிட்டது. அதன் யந்திரங்கள் இன்றும் ஓடுவதற்குக் காரணம், இப்படித் திண்ணையில் உட்கார்ந்தவர்கள்தான்.

கோடெக் என்ற சீனாப் பெட்டியின் கதை இன்னும் வேடிக்கை. பூவேலை போடும் தையல் யந்திரங்களும் இசைப் பெட்டிகளும் பிளாப்பியில்தான் வேலை செய்து வந்தன. தகடு கிடைப்பது அரிதானதும், பிளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் பொருத்திக்கொள்ள இந்தப் பெட்டி வந்தது. இதில் பென் டிரைவைச் செருகினால், அதையே பிளாப்பி என்று யந்திரம் நம்பிவிடும்! ஆனால் பெட்டிக்குத் தெரிந்ததும் 9 இலைப் பந்தி வகைதான். கிரீஸ்வீசலை எழுதிய அதே மனிதர், "ஃபிளாஷ்ஃப்ளாப்பி" என்ற நிரலை எழுதி அதற்குள் ஏற்றும்படி செய்தார். அவ்வளவுதான், தையல் யந்திரத்துக்காகப் பிறந்த பெட்டி அமிகாவுக்கும் அட்டாரிக்கும் ஊழியம் செய்யத் தொடங்கிவிட்டது. நூற்றுக்கணக்கான தகடுகள் ஒரே பென் டிரைவில்!

பிளாப்பி போயே போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சோனி கம்பெனி தகடு விற்பதை 2011-ல்தான் நிறுத்தியது. போயிங் 747-400 விமானத்துக்கு வழி காட்டும் விவரங்கள் பிளாப்பி மூலம் ஏற்றப்படுவதை 2020-ல் நிபுணர்கள் படம் பிடித்துக் காட்டினார்கள். "பிளாப்பியில் கொடு" என்று சொல்லும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சர்க்கார் விதிகளை ஜப்பான் நீக்கி முடித்தது 2024-ல்!

உங்கள் அலமாரியிலும் இருக்கலாம்

1990-களில் நம் ஊரிலும் கம்ப்யூட்டர் படித்தவர்கள் பிளாப்பிப் பெட்டியோடுதான் அலைந்தார்கள். கல்யாணப் பத்திரிகை, அப்பா எழுதிய கடிதம், தாத்தாவின் கணக்கு, அச்சுக்கூடத்தின் பழைய புத்தகம் எல்லாம் அதில் இருக்கக்கூடும். ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத் தமிழ் எழுத்துகள் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு விதம். தகட்டைப் படித்து எடுத்தாலும், எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரியாவிட்டால் திரையில் கன்னாபின்னா என்றுதான் வரும். பழைய எழுத்துருவைத் தேடிப் பிடித்து மாற்றினால் சரியாகிவிடும்.

நம் நாட்டு ஈரக் காற்று தகடுக்கு எமன். பூஞ்சணம் பிடித்த தகட்டை டிரைவில் போட்டால் பொடி உதிர்ந்து படிக்கும் முனையில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தகடும் போகும். அடுத்துப் போடும் நல்ல தகடும் கீறிப்போகும். ஆகையால் முதலில் வெளிச்சத்தில் தகட்டின் முகத்தைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் போடாதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தப்பித் தவறி அதன்மேல் வேறு எதுவும் எழுதிவிடாமல் பூட்டவும் வேண்டும். மூன்றரை அங்குலத் தகட்டில் மூலையில் உள்ள சிறு துவாரத்தைத் திறந்து வைத்தால் பூட்டு. ஐந்தேகால் அங்குலத் தகட்டில் நேர்மாறு: ஓரத்து வெட்டை ஒட்டுக் காகிதத்தால் மூடினால்தான் பூட்டு! மாற்றிச் செய்து தகட்டை இழந்தவர்கள் உண்டு. ஒரு தகடு முடிந்ததும் முனையைத் துடைத்து, உலரவிட்டு, அப்புறம்தான் அடுத்ததைப் போட வேண்டும்.