இளநிலை மாணவர்க்குச் செயற்கை நுண்ணறிவு: சிக்கலிலிருந்து உத்திக்கு

முன்னுரை

செயற்கை நுண்ணறிவைக் கற்கத் தொடங்கும் இளநிலை மாணவர்க்குப் பெரும்பாலும் உத்திகளின் பெயர்களே முதலில் அறிமுகமாகின்றன. ஆயத்த நிரலை இயக்கி விடை பெறும் மாணவர், அவ்வுத்தி ஏன் தேவைப்பட்டது என்பதை அறியாமலே தேர்ச்சி பெற்றுவிட இயலும். சிக்கலை வரையறுத்த பின்னரே உத்தியைக் கற்பிக்க வேண்டும் என்பதை இரு எடுத்துக்காட்டுகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

எண்கட்டப் புதிர்

3×3 கட்டத்தில் 1 முதல் 8 வரை எண்ணிட்ட வில்லைகளும் ஒரு வெற்றிடமும் உள்ளன. வெற்றிடத்தை அடுத்துள்ள வில்லையை நகர்த்தி எண்களை வரிசைப்படுத்த வேண்டும். தொடக்க நிலை, இலக்கு நிலை, அனுமதிக்கப்பட்ட நகர்வு, நகர்வின் செலவு ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டால் சிக்கல் வரையறுக்கப்பட்டுவிடும். ஒரு தொடக்க நிலையிலிருந்து எட்டக்கூடிய நிலைகள் 1,81,440. இவை அனைத்தையும் கணினி எளிதில் தேடிவிடும். கட்டம் 4×4 ஆகும்போது அவ்வெண்ணிக்கை 10 லட்சம் கோடியைக் கடக்கிறது. முழுத் தேடல் போதாது என்பதை மாணவர் இங்குத் தாமே உணர்வர். ஒவ்வொரு வில்லையும் தனக்குரிய இடத்திலிருந்து கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் எத்தனை கட்டம் விலகியுள்ளது என்று கூட்டினால், எஞ்சிய நகர்வுகளுக்கு மிகைபடாத ஒரு மதிப்பீடு கிடைக்கும். அதுவரை செய்த நகர்வுகளோடு இம்மதிப்பீட்டைக் கூட்டி, குறைந்த தொகையுடைய நிலையை முதலில் ஆராய்வதே ஹார்ட், நில்சன், ரஃபேல் ஆகிய மூவரும் 1968இல் வெளியிட்ட ஏ-ஸ்டார் உத்தியாகும்.

பொதுமொழி

நன்னூல் சுட்டும் பொதுமொழி வேறுவகைச் சிக்கலாகும். ‘வேங்கை’ என்பது ஒருமொழியாயின் மரத்தையோ புலியையோ குறிக்கும். ‘வேம் + கை’ எனப் பிரிந்தால் வேகின்ற கை எனப் பொருள்படும். புணர்ச்சி விதிகளைக் கொண்டு தேடினால் எல்லாப் பிரிப்புகளும் கிடைக்கும். அவற்றுள் பொருந்துவது எது என்பதை அவ்விதிகள் காட்டா. அதனைச் சூழலே தீர்மானிக்கிறது. எனவே, முன்னரே பிரித்துக் குறிக்கப்பட்ட தரவகத்தைக் கொண்டு, அருகில் வரும் சொற்களின் அடிப்படையில் நிகழ்தகவைக் கணிக்கும் உத்தி தேவைப்படுகிறது. அத்தரவகம் இக்கால உரைநடையை மட்டும் கொண்டிருந்தால், செய்யுளில் வரும் ‘வேம் + கை’ பிழையாக ஒதுக்கப்படக்கூடும். அக்குறை கணக்கீட்டில் நேர்ந்ததன்று. தரவைத் தெரிவுசெய்ததில் நேர்ந்ததாகும்.

முடிவுரை

இலக்கு முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட இடத்தில் தேடல் பயன்படுகிறது. சூழலால் விடை மாறும் இடத்தில் தரவுவழிக் கற்றல் தேவைப்படுகிறது. இவ்வேறுபாட்டை அறிந்த மாணவரே புதிய சிக்கலுக்குரிய உத்தியைத் தாமே தெரிவுசெய்ய இயலும். இரண்டாம் வகைச் சிக்கலைக் கற்பிப்பதில் தமிழ்த்துறை ஆசிரியரின் பங்கு இன்றியமையாதது.