எட்டு விக்கட்டுகள்

மடவளையிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம், மகாவலிக் கரையிலுள்ள புனித அந்தோனியார் கல்லூரியை என் கண்கள் தாமாகவே தேடும். குண்டசாலைப் பையன் முத்தையா முரளிதரன் பந்துவீசித் தேர்ந்தது அங்கேதான்.

ஆரம்பத்தில் அவர் மிதவேகப் பந்துவீச்சாளர். பதினான்காம் வயதில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் சொற்கேட்டுச் சுழற்பந்துக்கு மாறினார். கல்லூரியின் கடைசி இரு பருவங்களில் நூறு விக்கட்டுகளுக்கு மேல் வீழ்த்தி, 1990–91இல் சிறந்த பாடசாலைக் கிரிக்கட் வீரர் விருதையும் பெற்றார். கல்லூரிக் கணக்கோடு நின்றுபோனவர்கள் நம்மூரில் எத்தனை பேர்! இவருடைய கணக்கு நிற்கவில்லை.

2010 யூலையில், காலியில் இந்தியாவுடன் ஆடுவதே தமது கடைசி டெஸ்ட் பந்தயம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். கையிருப்போ 792. எண்ணூறுக்கு இன்னும் எட்டு! இதென்ன துணிச்சல் என்று மலைத்தேன். இரண்டாம் நாள் ஆட்டம் முழுவதையும் மழை கொண்டுபோயிற்று. முதல் இன்னிங்ஸில் ஐந்து, அடுத்ததில் இரண்டு, ஆக 799. அவ்வேளை லக்ஷ்மண் ரன் அவுட் ஆனார். எஞ்சியது ஒரேயொரு விக்கட்.

அதை எவர் வீழ்த்தினாலும் இலங்கைக்கு இலாபந்தான். ஆயினும், மடவளைத் தேநீர்க்கடையொன்றில் கூடியிருந்த நாங்கள், மற்றவர் பந்தெடுத்த போதெல்லாம் விக்கட் விழலாகாதென்று வேண்டிக்கொண்டோம். சொந்த நாட்டுப் பந்துவீச்சாளருக்கு எதிராக நான் பிரார்த்தித்தது அன்றொரு நாள்தான்.

ஓஜாவின் மட்டையில் பட்ட பந்து மஹேலவின் கைகளுக்குள் அடங்கிற்று. கடைக்காரர் அன்று எங்களில் எவரிடமும் தேநீருக்குக் காசு வாங்கவில்லை.