ஒரு திராட்சைக்கு எவ்வளவு நேரம்?

குழந்தைகளே, நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்? "தோசை" என்பீர்கள். எத்தனை? தொட்டுக்கொள்ள என்ன? டி.வி., செல்போன் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவர்கள் இங்கேதான் திணறுவார்கள்!

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், தீராத வலியாலும் மன அழுத்தத்தாலும் அவதிப்பட்டவர்களுக்காக ஜான் கபாட் ஜின் என்பவர் 1979-ல் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். அதில் முதல் வகுப்பு என்ன தெரியுமா? ஓர் உலர்ந்த திராட்சையைச் சாப்பிடுவது! சுருக்கங்களைப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் உருட்டி, மெதுவாகக் கடித்து விழுங்க வேண்டும். செய்கிற வேலையிலேயே மனதை நிறுத்தப் பழகுவதுதான் பாடம்.

வயிறு நிறைந்த செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச்சேர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். அவசரமாக அள்ளிப் போட்டால், செய்தி வருவதற்குள் இரண்டு தோசை கூடுதலாக உள்ளே போயிருக்கும். இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டி.வி. பார்த்தபடி மதிய உணவு சாப்பிட்ட இளம்பெண்கள், பிற்பகலில் அதிக பிஸ்கெட் தின்றார்களாம். மதியம் சாப்பிட்டதே அவர்கள் நினைவில் மங்கலாகத்தான் இருந்தது.

இதைக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். வளரும் பிள்ளைகள் நீங்கள். பசித்தால் இன்னொரு தோசை கேட்டு வாங்குங்கள்.

இன்று ஒரு சோதனை செய்யலாமா? குழம்பு ஊற்றாத வெறும் சோறு ஒரு வாய் எடுத்து, கூழாகும்வரை மெல்லுங்கள். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ், மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும். சோறு லேசாக இனிக்கும். எத்தனையாவது மெல்லலில் இனித்தது என்று எண்ணிப் பாருங்கள்!